நடுவில் வாங்கிய மூச்சு

வேலை செய்யும் இடத்தில் என் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாட்டுக்காரி என்பார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடம் அது. சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். எதிரில் யார் நின்றாலும் இவள் கதையிலிருந்து தப்ப முடியாது. பாவம், விரிப்பை விட்டுவிட்டு ஓடவா முடியும்?

கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்னால், ஊரே கொண்டாடும் ஒரு பாப் பாடகியின் பாட்டுக்குக் கோரஸ் பாட இவள் ஒரே ஒரு நாள் போயிருக்கிறாள். கோரஸ்காரர்களுக்கு என்ன பாட்டு என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, தாளத்தை மட்டும் ஓடவிட்டு, "இந்த இடத்துல ஆ-ன்னு இழும்மா" என்பார்களாம். இழுத்தாள். டீ கொடுத்தார்கள். வந்துவிட்டாள். அப்புறம் ரேடியோவில் அந்த மழைப் பாட்டு வந்ததும், "இதுதான்! இந்த ஹம்மிங் நான்தான்!" என்று குதித்திருக்கிறாள். அன்று குதித்தவள் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

எங்களோடு இருக்கும் என் அக்கா மட்டும் நம்பவே மாட்டாள். "ஆமாமா, நானும் நேத்துதான் நிலாவுக்குப் போயிட்டு வந்தேன்" என்பாள்.

போன ஞாயிறு மதியம் டிவியில் அந்தப் பாடகியின் சிறந்த இருபது பாடல்கள். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. இருபதாவதில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே வருகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடகியே வந்து இரண்டு வார்த்தை பேசுகிறார். இவளோ சலவைக்கூடம் முழுக்க, "எல்லாரும் கண்டிப்பா பாருங்கடி" என்று தண்டோரா போட்டிருந்தாள்.

மூன்றாவது இடத்தில் மழைப் பாட்டு. இவள் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"இந்தப் பாட்டுல வர்ற ஹம்மிங் மொத்தமும் நானேதான்" என்றார் பாடகி. "நாலு தடவை பாடி ஒண்ணா சேர்த்தோம். வேற யாருமே இல்ல."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பால் பொங்கி வழிந்தால்கூடத் தானாக வந்து ஒப்புக்கொள்கிறவள் என் மனைவி. அவளா இத்தனை வருஷம் புளுகினாள்? அந்தம்மாவுக்குத்தான் இந்த வயதில் புளுகி ஆகப்போவது என்ன? இரண்டு பேரும் உண்மை பேசினால் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

"அப்போ அன்னிக்கு நான் எங்கதாங்க போனேன்?" என்றாள் இவள். "அந்தக் கண்ணாடி ரூம், அந்த டீ... எல்லாம் கனவா?" ஃபோன் அடித்தது. சலவைக்கூடத்துத் தோழி. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வேலைக்குப் போவேன்?"

அக்கா எழுந்து போய் இவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டாவது பாட்டு வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது.

முதலிடம் ரயில் பாட்டுக்கு. எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட பாட்டு அது. ஆரம்பித்தாலே இவளுக்கு எரிச்சல் வரும். "பின்னாடி யாரோ ஒருத்தி கத்துறா பாருங்க. நடுவுல மூச்சு வேற வாங்குறா, மாடிப்படி ஏறி வந்தவ மாதிரி. முதல்ல அணைங்க" என்பாள். பழக்கதோஷம், என் கட்டைவிரல் ரிமோட்டில் தானாக நகர்ந்தது.

"இருடா, அந்தம்மா ஏதோ சொல்லுது" என்றாள் அக்கா.

"இதுல ஹம்மிங் பண்ணது கோரஸுக்கு ஒரே ஒரு நாள் வந்த பொண்ணு" என்றார் பாடகி. "பேர்கூடக் கேட்டு வெச்சிக்கல. நடுவுல மூச்சு வாங்கிடுச்சு. வெட்டிடலாம்னாங்க. நான்தான் விடல. அந்த மூச்சுலதான் இந்தப் பாட்டுக்கு உயிரே இருக்கு."

பாட்டு ஓடியது. ஹம்மிங் வந்தது. பாதியில் அந்த மூச்சும் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. சமையலறையில் மழைப் பாட்டை முணுமுணுக்கும்போது இவள் வாங்கும் அதே மூச்சு. மழைப் பாட்டில் அப்படி ஒரு மூச்சே கிடையாது. இத்தனை வருஷம் என் காதை எங்கே கழற்றி வைத்திருந்தேனோ!

இவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இதுவா நான்? என் குரல் இப்படியா இருக்கும், அண்ணி?"

"உன் குரல் உனக்கு எப்படிடி தெரியும்? தினமும் கேக்குறது நாங்கதானே" என்றாள் அக்கா. "இது நீயேதான்."

"ஐயையோ, அவளை எவ்வளவு திட்டியிருக்கேன்!" இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபோன் மறுபடி அடித்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. "சத்தத்தைக் கூட்டுங்க."

கூட்டினேன். அந்த இடம் இரண்டாம் முறை வந்தபோது, பாட்டில் இருந்த பெண்ணும் சோபாவில் இருந்தவளும் சேர்ந்தே மூச்சு வாங்கினார்கள்.