கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். வீடு தில்லையடியில், பள்ளிக்கூடம் புத்தளம் டவுனில். எனக்கு வாய் நீளம் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வது தெரியும். உண்மைதானே, கோபித்து என்ன ஆகப்போகிறது? அந்த வாயை வைத்துக்கொண்டே தொடுப்பிழையப் பாடத்தை வருஷா வருஷம் இரண்டே பாடவேளைகளில் ஓட்டி முடித்துவிடுவேன். இதயம், மூளை என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இது உறுப்புகளுக்கு நடுவில் அடைத்து வைத்த சாமான்தானே என்று எனக்கே ஓர் இளக்காரம் இருந்தது.

"புறங்கைத் தோலை நுள்ளித் தூக்குங்க," என்பேன். தூக்குவார்கள். "இப்ப விடுங்க." தோல் திரும்பப் படியும். "தோலுக்கும் அதுக்குக் கீழ உள்ள தசைக்கும் நடுவில இரிக்கிறதுதான் தளர்வான தொடுப்பிழையம். கொஞ்சம் நார், நிறைய இடைவெளி. தோலை அசையவும் விடும், கழண்டு போகவும் விடாது." பிறகு தசைநாண், கொழுப்பு, கசியிழையம், எலும்பு என்று கரும்பலகையில் வேகமாக எழுதுவேன். இரத்தமும் தொடுப்பிழையம்தான் என்றதும் பின்வாங்கில் யாராவது சிரிப்பார்கள். மணி அடித்துவிடும்.

என் மாப்பிள்ளைக்கு முந்தலில் ஓர் இறால் பண்ணையில் வேலை. கல்யாணமாகி இருபது வருஷமாகியும் எனக்கு அவர் மாப்பிள்ளைதான். சீனி வருத்தம் இருக்கிறது. குளிசையை ஒருநாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். அந்தச் சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நொண்டிக்கொண்டு வந்தார்.

"என்ன நடை இது?"

"ஒண்ணுமில்ல புள்ள. காலையில தொட்டிக்க இறங்கக்குள்ள இறால்ட தலைமுள்ளு குத்திட்டுது."

பாதத்தின் மேற்புறத்தில் ஊசி துளைத்த அளவுதான் காயம். சுற்றிக் கொஞ்சம் வீக்கம். எங்கள் ஊரில் உப்பு இல்லாத வைத்தியம் கிடையாது. பல் குத்தினாலும் உப்பு, கால் சுளுக்கினாலும் உப்பு. கல்லுப்பை வறுத்துச் சீலையில் கட்டி ஒத்தடம் வைத்தேன். அது போதாதென்று தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, பாதத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரைக்கும் மேல்நோக்கி உருவி உருவித் தேய்த்தேன்.

"மெல்ல, மெல்ல," என்றார்.

"ஒரு முள்ளுக்கு இந்தக் கூச்சலா? ஆம்பிளையா நீங்க?" என்று சிரித்தேன்.

ஞாயிறு விடியற்காலை சுபஹுக்கு எழும்பியபோது அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பாதம் பளபளவென்று வீங்கி, முள் குத்திய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு கொப்புளம். போர்வை நுனி பட்டதும் அலறினார். இருபது வருஷத்தில் அவர் அலறி நான் கேட்டதில்லை. பயம் என் காலிலிருந்து மேலே ஏறியது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வார்டில் இருந்தது இளம் பெண் டொக்டர், தமிழ்ப் பிள்ளை. காலை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எண்ணெய் மணக்குது. ஆரு தேய்ச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "நான்தான் டொக்டர். நோவு தாங்காம நானே தேய்ச்சிட்டன்."

"தேய்க்கக் கூடாது. தேய்ச்சா கிருமி மேலதான் பரவும்."

என் நீண்ட வாய் அப்போது எங்கே போய் ஒளிந்ததோ!

"டீச்சர், பேனா இரிக்கா?" என்று கேட்டார் டொக்டர். கைப்பையில் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா மட்டுமே இருந்தது. அதை வாங்கி, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, சிவந்த தோல் முடிகிற விளிம்பில் சுற்றிவரக் கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறினா உடனே என்னைக் கூப்பிடுங்க."

மருந்து ஏறத் தொடங்கியது. நான் கோட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றும் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு எல்லாம் தெரிந்து தொலைத்தது. வெறும் இடைவெளி என்று வகுப்பில் நான் தள்ளிவிட்டுப் போன இடத்தில்தான் இப்போது என் மாப்பிள்ளையின் உயிர் இருந்தது. அங்கே கிருமியை விழுங்கும் பெருந்தின்கலங்கள் காவல் இருக்கும். ஆபத்து என்றதும் மாஸ்ட் கலங்கள் உள்ளே இருப்பதைக் கொட்டி இரத்தக் குழாய்களைத் திறந்துவிடும். இரத்தத்திலிருந்து வெள்ளைக் கலங்கள் வந்து இறங்கும். சிவப்பும் வீக்கமும் சூடும் அந்தச் சண்டையால் வருபவை. ஆனால் சீனி ஏறிய உடம்பில் அந்தக் கலங்களுக்குச் சோர்வு. இறால் முள்ளோடு உள்ளே போன உவர்நீர்க் கிருமியோ நார்களைக் கரைத்துக்கொண்டு, தசையைப் போர்த்தியிருக்கும் உறையின் வழியாகத் தோலுக்குக் கீழேயே ஓடும். மேலே பார்த்தால் அதில் பாதிகூடத் தெரியாது. அது ஓடுகிற திசையில் நானே எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறேன். யா அல்லாஹ், படிப்பிக்கிறவள் செய்கிற வேலையா இது!

மத்தியானம் லுஹர் பாங்கு கேட்டபோது சிவப்பு கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறிவிட்டது. "டொக்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சத்திரசிகிச்சை செய்கிற பெரிய டொக்டர் வந்தார். சிங்களவர். சிங்களத்திலேயே, ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தோலை வெட்டி உள்ளே விரலை விட்டுப் பார்க்கப் போகிறாராம். இழையம் உயிரோடு இருந்தால் தோலையும் அடியையும் விடாமல் பிடித்திருக்கும், விரல் போகாது. செத்திருந்தால் விரல் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். விரல் எதுவரை போகிறதோ அதுவரை வெட்டி எடுக்க வேண்டும். முழங்கால் வரை போனால் கால் இல்லை. அதற்கு மேலும் போனால் என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். தாதி அதை வாங்கி வைத்துவிட்டு நீலப் பேனா தந்தார். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பிறகு நடுவில் சொருகினேன்.

வெளியே வாங்கில் உட்கார்ந்து ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பிள்ளைப் பிராயத்திலிருந்து மனப்பாடம், அன்றைக்கு நடுவில் நடுவில் அறுந்துபோனது. ஓதாத நேரமெல்லாம் புறங்கைத் தோலை நுள்ளித் தூக்குவதும் விடுவதுமாக இருந்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பப் படிந்தது. உள்ளே ஒரு விரல் இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருக்கும்? கெண்டைக்கால்? முழங்கால்? வியர்த்து அபாயாவெல்லாம் நனைந்துவிட்டது.

கதவு திறந்தது. பெரிய டொக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு என்னிடம் நேரே வந்தார். "அல்லா..." என்று தொடங்கினார்.

அந்த ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. ஒரு சிங்களவர் என் முகத்தைப் பார்த்து அல்லாஹ்வின் பெயரை எடுக்கிறார் என்றால் வேறென்ன செய்தி? அப்படியே தரையில் உட்கார்ந்து, மரணச் செய்தி கேட்டால் ஓதுகிற "இன்னாலில்லாஹி"யைத் தொடங்கிவிட்டேன். அழுகைகூட வரவில்லை.

அவர் பதறிப்போய் என் பக்கத்தில் குந்தினார். ஒவ்வோர் எழுத்தாக, திரும்பவும் சொன்னார். "அல்லாகென இன்னவா, டீச்சர். அல்லாகென இன்னவா."

சிங்களத்தில், பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் கண்டக்டர் கம்பியைப் பிடிக்கச் சொல்லித் தினமும் கத்துகிற சொல். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன், அந்த நேரத்தில் புரியவில்லை. பாதத்தின் மேற்புறத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனதாம், அங்கே தோலையும் அடியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே போகவில்லை. மேலே தெரிந்த சிவப்பு வெறும் அழற்சிதான். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தரம் சொன்னேனோ, கணக்கில்லை.

மூன்றாம் நாள், அவருக்குக் காய்ச்சல் விட்டபிறகு கேட்டேன். "டொக்டரிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ பயோ டீச்சர் புள்ள. இந்த ஆஸ்பத்திரி முழுக்க உன்ட பிள்ளைகள்ட உம்மா வாப்பாதான். நாளைக்கி கிளாஸ்ல நிண்டு படிப்பிக்க வேணாமா?"

எழும்பிப் போய் அந்தப் பெண் டொக்டரிடம், "தேய்ச்சது நான்தான்," என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். அந்த இடத்தில் மட்டும் நுள்ளினால் தோல் எழும்பாது. எலும்போடு இறுகிக் கிடக்கிறது. தொடுப்பிழையப் பாடம் இப்போது எனக்கு ஐந்து பாடவேளை எடுக்கிறது. அவர் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு மறுபடி பண்ணைக்குப் போகிறார். பின்னேரம் வந்ததும் காலை நீட்டச் சொல்லி விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன். "ஏர்போர்ட் செக்கிங் முடிஞ்சிட்டுதா?" என்று நக்கலடிப்பார். வேண்டிய மட்டும் அடிக்கட்டும்.

போன கிழமை அவருடைய கெண்டைக்காலில் சின்னதாக ஒரு சிவப்பு இருந்தது.

"நுளம்பு கடிச்சது புள்ள. சொறிஞ்சிட்டன்," என்றார்.

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டம் கோணலாகத்தான் வந்தது. அன்றைக்கு அவர் நக்கலடிக்கவில்லை. கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.