அத்தையும் என் குடியுரிமையும்

என் அத்தையை முதன்முதலாக நேரில் பார்த்தது மலேசியாவில், ஒரு கோர்ட்டு வாசலில். அப்போது எனக்கு ஏழு வயது. விருதுநகர் பக்கம் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்தார், மதுரையைத் தாண்டி அதற்குமுன் எங்கும் போனதில்லை. பச்சைச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தவர், "எங்கண்ணன் மூக்கு அப்படியே இருக்கு" என்றார். அழவில்லை.

அப்பா அங்கே வேலைக்குப் போய், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அம்மாவைக் கட்டிக்கொண்டவர். ஒரு சாலை விபத்தில் இரண்டு பேருமே போய்விட்டார்கள். அம்மா வழியில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் என்னை வைத்துக்கொண்டிருந்தார். சொந்தம் என்று யாரும் வராவிட்டால் காப்பகத்துக்குப் போகவேண்டியவள் நான். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. கம்பும் பருத்தியும் போடுகிற மானாவாரி நிலத்தைத் தனியாகப் பார்த்துவந்தார். "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பு?" என்ற உறவுக்காரர்களிடம், "எங்கண்ணன் பிள்ள எப்படி வம்பாகும்?" என்று கேட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாராம்.

அவர் இரண்டாம் முறை வந்தபோது என்னைத் தத்தெடுக்கக் கோர்ட்டு உத்தரவு கிடைத்தது. ஆனால் நான் மலேசியப் பிரஜை; இந்தியாவுக்குக் கூட்டிவர விசா வேண்டும். விசா அலுவலகத்தில் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் என்னைக் கேட்டார்: "இவங்க உனக்கு யாரும்மா?"

"அத்தை."

அவர் உத்தரவைப் புரட்டினார். "இதுல அம்மான்னு போட்டிருக்கே?"

"அம்மான்னு சொல்லு" என்று பக்கத்து வீட்டு அக்கா காதில் கிசுகிசுத்தார். எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் அம்மா நிஜமாகவே இல்லாமல் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அத்தையும் என்னை விட்டுப் போய்விடுவார்.

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவளுக்கு அம்மான்னு எங்க மதினி இருந்தாக சார். அவுக எடத்துக்கு நான் வரல. பிள்ளைய வளக்க வந்திருக்கேன். கோர்ட்டுக்கு நான் அம்மாவா இருந்துக்கிறேன். இவ அத்தைன்னே கூப்பிடட்டும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அத்தைகூட ஊருக்குப் போறியா?" என்றார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். விசா கிடைத்தது.

ஊருக்கு வந்தும் அலைச்சல் ஓயவில்லை. வருஷாவருஷம் விசாவை நீட்டிக்க விருதுநகருக்கு பஸ் ஏறுவோம். ஒருமுறை, "விசா குடுக்கலேன்னா என்னைய அனுப்பிருவாகளா அத்தை?" என்று கேட்டேன்.

"அனுப்புனா நானும் வாரேன். அங்க என்ன, கம்பு வெளையாதா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். அடையாளச் சான்று எங்கே கேட்டாலும் யோசிக்காமல் எடுத்து நீட்டுகிறேன். அப்படி நீட்டும்போதெல்லாம் கலெக்டர் ஆபீஸில் நின்ற அந்தக் காலைப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குடியுரிமைச் சான்றை என் கையில் கொடுத்த அதிகாரி, "இன்னைலருந்து நீ இந்தியப் பிரஜைம்மா" என்று வாழ்த்தினார்.

அத்தை அவரை மரியாதையாகக் கும்பிட்டார். "எங்களுக்கு எப்பவோ தெரியும் சார். ஒங்களுக்குத்தான் இப்பத் தெரிஞ்சிருக்கு."