தம்பிக்காகப் போன ஸ்கூட்டர்

என் தம்பியை நான் வெகுநாள் ‘ஸ்கூட்டர்’ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் நீல ஸ்கூட்டரைக் கொடுத்துத்தான் அவனை வாங்கினோம் என்பது என் முடிவு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மராத்தி பேசும் ஊரான தாபோடியில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் குடும்பத்துக்கு மருத்துவம் இலவசம். ஆனால் அம்மா அந்த ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பெயர்கூடப் பதியவில்லை. பிரசவம் என்றால் பிறந்த வீடு. பிறந்த வீடு திண்டுக்கல்லில். ரயில் டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. இடையில் கால் வீங்கியது, தலை வலித்தது. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: “ஊர்ல போயிப் பாத்துக்கலாம்.”

கிளம்பும் நாளன்று அம்மாவின் கால் அவள் செருப்பில் நுழையவில்லை. அப்பாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்கு ஒரே சிரிப்பு. மாவ்ஷி, அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா வழியனுப்ப வந்திருந்தார். அவரிடம் அம்மா, கண் முன்னால் பொறி பறக்கிறது என்று அரைகுறை இந்தியில் சொன்னாள். அவ்வளவுதான், மாவ்ஷி எங்கள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“காடி நகோ, வஹினி! ஆதி டாக்டர்!” ரயில் வேண்டாம் அண்ணி, முதலில் டாக்டர் என்று மராத்தியில் ஒரே சத்தம்.

“டிக்கெட் வீணாப் போயிரும்ங்க” என்றாள் அம்மா.

“போனாப் போகட்டும். ஆட்டோல ஏறு” என்றார் அப்பா.

பக்கத்திலிருந்த தனியார் நர்சிங் ஹோமில் ரத்த அழுத்தம் பார்த்தவர்கள், இனி இவரை எங்கும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அன்றே அம்மாவுக்கு வலிப்பு வந்ததும், அறுவை செய்து தம்பியை எடுத்ததும் பின்னால் தெரிந்தவை. நான் மாவ்ஷி வீட்டில் போஹே என்கிற அவல் உப்புமா தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் யாரோ வந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனார். ஏன் என்று அழுதேன்.

“தம்பி பொறந்திருக்கான்ல? ஆஸ்பத்திரிக்குக் கட்டணும்” என்றார் அப்பா.

அதன்பின் அப்பா பழைய சைக்கிளில் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மழையிலேயே மிதித்தார். யாராவது பரிதாபப்பட்டால், “காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு” என்பார்.

போன மாதம் அதே ரத்த அழுத்தத்தோடு என் மகளைப் பிரசவத்துக்கு வாகட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. வீடு வாங்கப் போட்டிருந்த வைப்புத்தொகையை யோசிக்காமல் உடைத்தேன்.

பில்லைத் தம்பிதான் வாங்கிப் படித்தான். “அக்கா, குட்டிக்குக் கொஞ்சம்தான் ஆகியிருக்கு. மத்ததெல்லாம் இவளுக்கு. ஐசியூ, ரத்தம், ஊசி...”

பக்கத்தில் நின்ற அப்பா தம்பியிடம் சொன்னார்: “அப்ப ஸ்கூட்டர் வித்த காசும் அப்படித்தான். நீ மூணாம் நாளே ஊரைக் கூட்டிக் கத்துன. உங்கம்மாதான் நாலு நாள் கண்ணைத் தெறக்கல.”

தம்பி என்னைப் பார்த்தான். “இனிமே ஸ்கூட்டர்னு கூப்பிடுவியா?”

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாட்களில் ஒவ்வொரு மாலையும், நனைந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிப்போய், வண்டி எப்போது திரும்பி வரும் என்று கேட்டிருக்கிறேன். அம்மா எப்போது வருவாள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. வராமலும் போகலாம் என்பது எனக்குத் தெரியாது.