சட்டி இல்லாத கைகள்

மில்லிக்கனில் பஸ்சுக்கு நிற்கேக்க மருமகளின் போன் வந்தது. "மாமா, உங்கட றமோன் போயிட்டாராம்." பஸ் வந்து போனது, நான் ஏறவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவதான் இதை எழுதுகிறா. வார்ப்புப் பட்டறையில் அவனோடு நின்ற உங்களுக்காகச் சொல்கிறேன்.

பிலிப்பைன்காரன். எங்களோடு பழகிப் பிடித்த தமிழில் என்னை "அண்ணை" என்பான். தங்கள் ஆட்களின் மண்டபத்துக்கென்று அவன் செய்த வெண்கலப் பலகை உங்களுக்கு நினைவிருக்கும். அதில் கடல்பாம்பு நிலவை விழுங்க வருகிறது. கீழே பெண்கள் சட்டி தட்டி அதை வெருட்டுகிறார்கள். அவர்களுடைய பழங்கதை அது.

"உங்கட பாம்பும் நிலவை விழுங்கும்தானே அண்ணை. நீங்கள் என்ன செய்வியள்?"

"கிரகணம் முடியுமட்டும் சாப்பிடமாட்டம். பிறகு முழுகுவம்."

"அப்ப நிலவைக் காப்பாத்திறது நாங்கள் மட்டுமோ?"

பட்டறையே சிரித்தது.

பலகையில் முன்னுக்கு நிற்பவளுக்கு அவன் மனைவி லூர்தெஸின் முகம். முதலில் தான் இங்கே வந்து, ஊரார் வீட்டில் சமைத்து, பிள்ளை பார்த்து, பிறகு அவனைக் கூப்பிட்டவள். கையிலிருந்ததும் அவளுடைய சட்டிதான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வார்ப்புக்கான மெழுகில் இழைத்தான்.

அவர்களுடைய மண்டபத் தலைவர் வந்து பார்த்து இங்கிலிசில் சொன்னார்: "எங்களை வேலைக்காரர் எண்டெல்லோ நினைப்பினம். சட்டியளை எடு."

"எடுத்தால் பாம்பு ஏன் போகும்?" என்றான் றமோன்.

அவன் அப்படியே வார்த்துக் கொடுத்த பலகையைக் கதிரை அடுக்கும் அறையில் சுவரைப் பார்க்கச் சாத்திவிட்டார்கள். பிறகு ஒருநாள் சொன்னான்: "நான் செத்தாப்பிறகு மாட்டுவினம் அண்ணை. அப்ப வாய் காட்டமாட்டன்தானே."

அப்படியேதான் நடந்தது. நினைவுக் கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் பலகை. "எங்கள் பெருங்கலைஞன்" என்று தலைவர் கண்ணைத் துடைத்தார். நான் கிட்டப் போய்த் தடவினேன். சட்டிகள் இல்லை. அராவி மினுக்கிவிட்டிருந்தார்கள். பாம்பை வெருட்டின கைகள் இப்போது பாம்பைக் கும்பிடுகின்றன.

"ஆர் அராவினது?" என்று கேட்டேன்.

"இப்ப வடிவாயிருக்கெல்லோ?" என்றார்.

வந்தவர்களுக்கு லூர்தெஸ் நூடுல்ஸ் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள், அதே சட்டியில். பலகையை நிமிர்ந்து பார்த்தவள் பரிமாறக் குனிந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை எடுத்துச் சட்டியில் ஓங்கித் தட்டினேன். மண்டபம் முழுக்கத் திரும்பியது. தலைவர் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார்: "இன்னும் இருக்கோ?"

போகும்போது லூர்தெஸ் சட்டியைக் கழுவி என்னிடம் தந்தாள். றமோனில் எனக்கு மிஞ்சியது அதுதான். அடுத்த கிரகணத்துக்கு நான் முழுகப்போவதில்லை.