உப்பு அடைத்த குழாய்

லிங்கராஜபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ. என்கிற பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் நடத்த வந்த முதல் வருடம். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

அன்றைய பாடம் பொது அயனி விளைவு. இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பு கரைத்த தண்ணீரில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்த வேண்டும். ஏற்கெனவே குளோரைடு அயனிகள் நிறைந்த இடத்தில் மேலும் குளோரைடு வந்து சேர்ந்தால், கரைந்திருந்த உப்பு வெள்ளையாகப் படியும். வாயு வரும் குழாயின் முனையில் ஒரு புனலைக் கவிழ்த்து மாட்டுவது வழக்கம். எங்கள் புனல் முந்தின வாரம்தான் உடைந்திருந்தது.

"பேடா மேடம், வேணாம். புது ஃபனல் வரட்டும், அப்புறம் பண்ணலாம்" என்றார் லேப் அட்டெண்டர் அக்கா.

"வெறும் ட்யூபே போதும்க்கா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

குடுவையில் உப்பும் கந்தக அமிலமும் சூடாகின. பக்கத்தில் உப்புக்கரைசல் இருந்த பீக்கரில் வாயு குமிழியிட்டு வெண்துகள்கள் இறங்க, மாணவிகள் கைதட்டினார்கள். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து வந்து, குடுவைக்கு மேலாகக் குனிந்து பீக்கரைப் பார்த்தாள். அப்போது குமிழிகள் நின்றன.

படிந்த உப்பே குழாயின் குறுகிய வாயை அடைத்துவிட்டது; புனலின் அகன்ற வாய் இருந்திருந்தால் அடைத்திருக்காது. போக வழியில்லாத வாயு அமிலத்தை அழுத்தியது. அமிலம் ஊற்றுவதற்காகக் குடுவையில் செருகியிருந்த நீண்ட குழாயில் அது மளமளவென்று மேலேறியது. அந்தக் குழாயின் திறந்த வாய் அவள் தாடைக்கு நேர் கீழே.

அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் தரையில் விழுந்தாள். அமிலம் பொங்கி மேஜையில் வழிந்து புகைந்தது.

"எல்லாரும் வெளிய போங்கம்மா!" என்று அக்காதான் கத்தினார். பர்னரை அணைத்தார், சோடா மாவை அள்ளிக் கொட்டினார். வகுப்பில் நெஞ்சு நிமிர்த்தி நின்ற நான், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விழுந்தவள் தலையைத் தேய்த்தபடி எழுந்தாள். "சாரி மிஸ், என்னாலதான் ஃபெயிலாயிடுச்சா?"

"இல்லம்மா, நல்லாத்தான் வந்துச்சு. தப்பு என்னோடது."

மேஜையில் கருகிய இடத்தைப் பார்த்தேன். அது அவள் முகத்தின் அகலம் இருந்தது.