பதினொரு வீட்டுப் படிவங்கள்

பதினொரு வயதில் நான் எங்கள் ஊரின் மிக முக்கியமான ஆள். இதை நானாகச் சொல்லவில்லை, அப்பா அடிக்கடி சொல்லுவார். பதினொரு தமிழ் வீடுகளில் எந்த வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் அது அடுத்த நிமிடம் எங்கள் குசினி மேசைக்கு வந்துவிடும். கவுன்சில் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், விசாக் கடிதம் என்று எல்லாவற்றையும் வாசித்து, பாதி விளங்கி, முழுவதும் விளங்கியவளைப் போலப் பொருள் சொல்லுவேன். பெரியவர்கள் கதிரையின் நுனியில் இருந்து தலையாட்டிக் கேட்பார்கள். அந்தத் தலையாட்டல்கள் என்னைக் கெடுத்துவிட்டன என்று இப்போது தோன்றுகிறது.

மெல்பேர்ணிலிருந்து காரில் நாலு மணித்தியாலம் போனால் வரும் ஊர் அது. கோதுமை வயல், செம்மறி ஆடு, ஒரே ஒரு கடைத்தெரு. வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த அப்பாவுக்கு அங்கேயிருந்த இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனிதர் வெள்ளிக்கிழமையும் ஆடு வெட்டினார். யாராவது பகிடி பண்ணினால், "நான் வெட்டுறன், தின்னேல்லத்தானே" என்பார்.

ஊர் மாறிக்கொண்டிருந்ததை எங்கள் பள்ளிக்கூட நடைபாதையில் பார்க்கலாம். ஒவ்வொரு வருடத்து வகுப்புப் படமும் அங்கே வரிசையாகத் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படங்களில் தொடங்கி நான் சேர்ந்த வருடம் வரை எல்லாம் வெள்ளை முகங்கள். நான் சேர்ந்த வருடத்துப் படத்தில் ஓரத்தில் ஒரு மண்ணிற முகம், அது நான். அடுத்த வருடம் நாங்கள் மூன்று பேர். பிறகு பிலிப்பைன்ஸ் பிள்ளைகளும் சூடான் பிள்ளைகளும் வந்தார்கள். ஆறாம் வகுப்புப் படத்தில் முகங்களைப் பாதிக்குப் பாதி பிரிக்கலாம். பிள்ளைகள் இல்லாமல் மூட இருந்த பள்ளிக்கூடம் அது. எங்களைக் கண்டதும் பள்ளிக்கூட அதிபருக்கு மழையைக் கண்ட மகிழ்ச்சி. கடைத்தெருவில் எல்லோருக்கும் அந்த மகிழ்ச்சி இருந்ததென்று சொல்லமாட்டேன். ஆனாலும் சுப்பர்மார்க்கெட்டில் தேங்காய்ப்பால் ரின் வந்தது, பிறகு சிவப்பரிசியும் வந்தது.

அம்மாவுக்குத்தான் அந்த ஊர் சரிவரவில்லை. அவருக்குத் தலையிடி. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது. மாதத்துக்கு இரண்டு தடவை கிளினிக்குக்குப் போவோம், நான் பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்துவிட்டு மொழிபெயர்ப்பாளராக. டொக்டர் ஒருமுறை மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஒரு தமிழரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். "சொல்லுங்கோ அம்மா" என்றது ஓர் ஆண்குரல். அம்மா "தலையிடி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஆரெண்டு தெரியாது" என்றார். "மெல்பேர்ண் டண்டினொங் பக்கத்து ஆளெண்டா எங்கட ஆக்களைத் தெரிஞ்சிருக்கும். அந்தாளிட்ட என்னத்தைச் சொல்லுறது?"

தலையிடியைச் சொல்வதற்கு என்ன வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

கிளினிக்கில் இருந்த நேர்ஸ் நல்ல மனுசி. அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். அரசாங்கம் ஆட்களை எண்ணுகிற குடிசன மதிப்பீட்டுப் படிவம் விரைவில் வரும். அதில் ஊரிலுள்ள தமிழர் எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதினால், அந்தக் கணக்கைக் காட்டி வாரத்துக்கு ஒருநாள் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கலாம்.

அம்மா இரண்டே கேள்வி கேட்டார். "பொம்பிளையோ? நேர வருவாவோ?"

இரண்டுக்கும் "ஓம்" என்று நேர்ஸ் சொன்னார். அம்மா சிரித்தார். அந்த ஊருக்கு வந்தபிறகு அவர் பல்லுத் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

தனியே கடைக்குக்கூடப் போகாத அம்மா அந்தக் கிழமை பதினொரு வீட்டுக்கும் நடந்தார். எங்கள் ஆட்களுக்குப் பெயர்ப்பட்டியல் என்றாலே பயம். குடும்பத்தை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, வீட்டில் எத்தனை பேர் என்று இலங்கை ஆமி எழுதிவைத்த இடத்திலிருந்து வந்தவர்கள். எண்ணினவன் நாளைக்குத் தேடி வருவான் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். "ஏன் அக்கா வீண் வேலை, ஆளில்லை எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பம்" என்றார்கள். அம்மா விடவில்லை. "இஞ்ச எண்ணினா ஒண்டும் செய்யமாட்டாங்கள். எங்களை எண்ணாட்டித்தான் எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது" என்று வீடு வீடாகச் சொன்னார். அவ்வளவு பேச்சு அவரிடம் எங்கே இருந்தது என்று அப்பாவே வியந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினொரு படிவமும் குசினி மேசைக்கு வந்து சேர்ந்தன. பெரியவர்கள் முற்றத்தில் தேத்தண்ணி குடித்தார்கள். நான் பேனாவோடு உள்ளே இருந்தேன்.

இந்த இடத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்தத் தமிழ்ப் பெண் வரப்போகிறாள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் வாய் நான்தானே. டொக்டர் என்னைப் பார்த்துத்தானே பேசுவார். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியூரிலிருந்து ஒருத்தி எதற்கு? அதோடு, படிவம் எனக்குப் பரீட்சைத் தாளைப் போலவே தெரிந்தது. பரீட்சையில் நல்ல விடை எழுதவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பாடம். வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா என்று கேட்டிருந்த இடத்தில், இல்லை, ஆங்கிலம் மட்டும் என்று போட்டேன். முதல் படிவத்தில் முற்றத்துப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தேன். மூன்றாவதில் பழகிவிட்டது. பிறந்த நாட்டை மட்டும் உண்மையாக எழுதினேன், கடவுச்சீட்டில் இருப்பதை மாற்றினால் பொலிஸ் வரும் என்ற பயத்தில்.

ஒவ்வொரு பெண்ணும் இதுவரை எத்தனை பிள்ளைகளைப் பெற்றார் என்றும் ஒரு கேள்வி இருந்தது. யாரிடமும் கேட்காமல், வீட்டுக்கு வீடு நான் கண்ட பிள்ளைகளை எண்ணி எழுதினேன்.

எல்லோரும் வந்து நான் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா கடைசியாக வந்தார். "எங்கட பாசையை எழுதினனிதானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் எங்கள் வீட்டுப் படிவத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், வாசிக்கத் தெரியாவிட்டாலும். ஒரு பெட்டியில் விரலை வைத்து, அது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

அடுத்த வருடம் கிளினிக்கில் நேர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். இலங்கையில் பிறந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறார்களாம். நடைபாதைப் படங்களில் அவ்வளவு மாறிப்போன ஊரில், அந்தத் தாளின்படி தமிழ் பேசுகிற ஒருவரும் இல்லை. "இதை வைத்து நான் யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவிடம் சொல்லு, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார்.

நான்தான் சொல்லவேண்டும். அறையில் வேறு யாருக்கும் இரண்டு மொழியும் தெரியாது.

"அந்தப் பொம்பிளை வரமாட்டாவாம் அம்மா. அனுப்புறதுக்கு அங்க ஆக்கள் காணாதாம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பரவாயில்லை. தலையிடி எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். குளிசை தந்தார்கள். அப்படியே நாலு வருடம் போனது.

பிறகு நாங்கள் டண்டினொங்குக்கு மாறினோம். அங்கே ஒரு கிளினிக்கில் தமிழ் டொக்டர், பெண். வழக்கம்போல அம்மாவோடு எழுந்தேன். "நீ இரு பிள்ளை, நான் போட்டு வாறன்" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தேன். கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் நிற்காமல் கேட்டது. வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "பசிக்குது. ஏதும் சாப்பிடுவம்" என்றார்.

ஒரு கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிடும்போதுதான் சொன்னார். "உனக்கு ஒரு அக்கா இருந்தவள். மூண்டு வயசு. நீ அப்ப கைக்குழந்தை. ஷெல் விழேக்க உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினன். அவளை ஒரு கையில பிடிச்சிருந்தனான்."

தன் தோசையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். எத்தனையோ தடவை அந்தச் சின்னக் கிளினிக் அறையில் அம்மா வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையின் வாயால் அதை எப்படிச் சொல்லுவிப்பார்? எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அவருக்கு வேறொரு வாய் வேண்டியிருந்தது. அந்த வாயை நான் பேனாவால் அடைத்தேன். இதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் விரல் வைத்துக் கேட்ட பெட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்ட பெட்டி.

"இதில என்ன கேட்டிருக்கு?"

"உங்களுக்கு எத்தனை பிள்ளை பிறந்தது எண்டு. நான் ஒண்டு எண்டு போட்டிட்டன். சரிதானே?"

அம்மா பேனாவைப் பிடித்தபடி அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றத்திலிருந்து அப்பா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். பிழை விட்டுவிட்டேனோ என்று எனக்குப் பயமாயிருந்தது.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்று என் தலையைத் தடவினார்.

அன்று முழுவதும் அந்தப் பாராட்டோடு நான் ஊரெல்லாம் சைக்கிள் ஓடித் திரிந்தேன்.