முன்னூற்றைம்பது ரூபாய் சவுக்கு

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்கு மரத்தின் உச்சிதான். வாழ்த்து அட்டையில் வருகிற பனி மூடிய மரத்தையெல்லாம் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பங்களாக்காரர்கள் தொட்டியில் ஏதோ ஒன்றை வளர்த்து வாசலில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் அப்படி ஒரு பங்களாவுக்குப் பின்னால் அவுட்ஹவுஸில் குடியிருந்தோம், அப்பா, அம்மா, நான். டிசம்பர் இருபது வாக்கில் அப்பாவும் நானும் சிவாஜிநகர் போவோம். லாரியில் வந்து இறங்கிய சவுக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்து, என் தலைக்கு மேல் ஒரு முழம் இருக்கிற மாதிரி ஒன்றைப் பொறுக்கி, தோளில் வைத்து நடந்தே வருவோம். பெயின்ட் டப்பாவில் மணலைப் போட்டு நட்டு, பஞ்சை ஒட்டினால் மரம் தயார். ஒரே வாரத்தில் காய்ந்து வீடெல்லாம் உதிரும். பொங்கல் வரைக்கும் அம்மா திட்டிக்கொண்டே கூட்டுவாள்.

தொண்ணூற்றொன்றில் அதன் விலை முப்பது ரூபாய். அப்புறம் அறுபது. அப்புறம் தொண்ணூறு, நூற்றைம்பது. வருஷா வருஷம் அப்பா அந்த விலையைத் தன்னை யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதுபோல வந்து சொல்வார். ஆனாலும் வாங்காமல் வந்ததில்லை.

நான் சொல்ல வந்த வருஷத்தில் எனக்குப் பதினாலு வயது. அப்பா பொம்மசந்திராவில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆர்டர் இல்லையென்று வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் மார்ச்சில்தான் கோலார் தங்கவயலில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் ஒரே அண்ணன், சுரங்கத்தில் வேலை செய்தவர். கடைசியில் மார்புச் சளி முற்றி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அப்பா சாவுக்குப் போகவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் தம்பிக்குள் வாய்வார்த்தை தடித்தது. எச்சில் இலையோடு எழுந்து வந்த அப்பா அதோடு சரி, பேச்சை விட்டுவிட்டார். தெருமுனைக் கடைக்குப் போன் வந்தபோது, "எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தனியாகப் போய் மாலை போட்டுவிட்டு வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. அப்பாவே போய் வாங்கி வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். எனக்குப் பெரியப்பா முகமே சரியாக நினைவில்லாததால் நானும் சாப்பிட்டேன்.

டிசம்பர் வந்தது. ஒன்றாம் தேதியே அம்மா வாசலில் காகித ஸ்டார் கட்டிவிட்டாள். இருபதாம் தேதி சிவாஜிநகர் போனோம்.

"முன்னூத்தம்பது சார்" என்றார் மரக்காரர்.

"போன வருஷம் நூத்தம்பதுக்குக் குடுத்தியேப்பா."

"போன வருஷம் போச்சு சார். லாரி வாடகை டபுள் ஆயிருச்சு. இப்ப கம்ப்யூட்டர் ஆபீஸ்காருங்க வந்து ஒரே தபா பத்து மரம் தூக்கினு போறாங்க. பேரமே பேசறதில்ல."

சொல்லி வைத்தாற்போல் ஒரு கார் வந்து நின்றது. இறங்கின பெண் விலையைக்கூடக் கேட்கவில்லை. எது உயரம் என்று மட்டும் கேட்டாள். டிரைவர் இரண்டு மரங்களைக் கூரையில் வைத்துக் கட்டினார். அப்பா கையை நீட்டிப் பிடித்து வைத்திருந்த மரம் அதில் ஒன்று. அவர் விட வேண்டியிருந்தது.

மரக்காரர் நல்ல மனுஷன்தான். "கிளை இருக்குது சார், அம்பது ரூபா. சுவத்துல சாச்சு வெச்சா தெரியாது" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பங்களா கேட் அருகே பங்களாக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். எங்கள் மாதா கோயிலிலேயே பூசைக்கு வருகிறவர். வெறுங்கையோடு வந்த எங்களைப் பார்த்து, "என்னப்பா, மரம் எடுக்கலியா இன்னும்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பா ஒரு நொடி நின்றார். "இந்த வருஷம் இல்லீங்கம்மா. எங்க அண்ணன் தவறிட்டாரு" என்றார்.

எங்கள் ஆட்களில் அது ஒரு வழக்கம். சாவு விழுந்த வருஷம் அந்த வீட்டில் ஸ்டார் கட்டமாட்டார்கள், மரம் வைக்கமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். மற்ற வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வரும். சாதாரணமாக வந்த தட்டில் நம் பலகாரத்தை வைத்துத்தான் திருப்ப வேண்டும். துக்க வீடு மட்டும் தட்டைக் கழுவிக் காலியாகக் கொடுக்கலாம். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

பங்களாக்கார அம்மா பதறிப்போனார். "அட பாவமே, ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. ஸ்டார் வேற தொங்குதே" என்றார். அப்பா என்னிடம், "போய் அம்மாவை ஸ்டாரை அவுக்கச் சொல்லு" என்றார்.

அம்மா ஸ்டூலில் ஏறி அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "செத்தப்ப எட்டிப் பாக்காத மனுஷனுக்கு ஒம்போது மாசம் கழிச்சு துக்கம் வந்திருக்குது. மரத்து வெலையக் கேட்டதும் பாசம் பொத்துக்கிச்சு." உள்ளே இருந்த அப்பாவுக்கு அது கேட்டிருக்கும்.

அடுத்த நாளே சேதி கோயில் முழுக்கப் பரவிவிட்டது. தட்டுகள் வந்தன. கல்கல், அச்சு முறுக்கு, ஒரு வீட்டிலிருந்து பிளம் கேக். கொண்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணன் எப்படி இருந்தாரு?" என்று கேட்டார்கள். அப்பா சொன்னார். தாத்தா செத்த பிறகு அண்ணன்தான் தன்னைப் படிக்க வைத்தார் என்றார். சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் சாப்பாட்டு டப்பாவில் தனக்கென்று ஒரு முட்டையை மிச்சம் வைத்திருப்பார் என்றார். எனக்கு அதெல்லாம் புதுசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரமும் இல்லை, ஸ்டாரும் இல்லை, இதில் ஊரார் பலகாரத்தைத் தின்றுகொண்டு நடிப்பு வேறா என்று நினைத்தேன். அது நடிப்பு இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிற வயது எனக்கு அப்போது இல்லை. எனக்கு வாய் நீளம், அறிவு அதற்கேற்ற அளவு இல்லை.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் பெரியம்மா வந்தாள். பெரியப்பாவின் மனைவி. வெள்ளைச் சேலை, தோளில் ஒரு பை. கையில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு சவுக்கு உச்சி, என் உயரத்துக்கு. பஸ்ஸில் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டார்களாம். அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க வீதியில ஒருத்தரு உங்க கோயிலுக்கு வந்துட்டு வந்து சொன்னாரு தம்பி. ஸ்டாரக் கூட அவுத்துட்டீங்களாமே."

அப்பா சுவரில் சாய்ந்திருந்த மரத்தைப் பார்த்தார்.

"நான் உங்கள ஒம்போது மாசமா சபிச்சிருக்கேன். மண்ணு போடக்கூட வரலியே, கல்லு மனசுன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரியில அவரு கதவையே பாத்துட்டு இருப்பாரு. தம்பிக்கு ஷிஃப்ட் இருக்கும், வந்துருவாருன்னு நான்தான் சொல்லிட்டு இருந்தேன். நீங்க வராமலே அவரு போயிட்டாரு. இப்ப கேட்டதும்தான் நெஞ்சு ஆறுச்சு. உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க. என்னை மன்னிச்சுருங்க தம்பி." அவள் கை கூப்பினாள். "துக்கம் போதும். புள்ள இருக்கிற வீடு. வேலியோரம் நின்னதுல நல்லதா ஒண்ணு வெட்டியாந்தேன். நட்டு வைங்க."

அம்மா அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள். அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. கூப்பிய கையைப் பிடித்து இறக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பெரியம்மா அழுதாள், ஆனால் வந்தபோது இருந்ததைவிட முகம் தெளிந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் அந்தத் தெளிவோடு கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள்.

நான் விடவில்லை. தப்புச் செய்தவரிடம் போய் ஒரு நல்லவள் மன்னிப்புக் கேட்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டேன்.

"மரம் முன்னூத்தம்பது ரூபா சொன்னாங்க பெரியம்மா" என்றேன். "வாங்க முடியல. அதனாலதான் துக்கம்னு சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி ஸ்டார் தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "புள்ள சொல்றது நெசமா தம்பி?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னப் புள்ள ஏதோ உளறுது என்று சிரித்திருக்கலாம். அப்பா வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசந்தான் அண்ணி" என்றார்.

பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அம்மா கொண்டு வந்து வைத்த காபியைப் பாதி குடித்தாள், மரியாதைக்கு. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து பையை எடுத்தாள். அப்பா பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

வாசல்படியில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே தம்பி. நான் நம்பியிருப்பேனே."